கணக்குக் கேட்ட அப்பா

பெந்தெகொஸ்தே சபைகளில் போதகரின் அதிகாரம் குறித்து ஆய்வு செய்கிறேன் என்றவுடன் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: விவரம் தெரிந்தவர்கள்கூட ஏன் இப்படி அடங்கிப் போகிறார்கள்? அக்கேள்வியில் சிறிது ஏளனமும் கலந்திருக்கும். என் அப்பாவை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் அப்பா. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள் எங்கள் தெரு ஆண்கள். அந்நாட்களில் வீடு தேடி வந்தவர் போதகர் ஒருவரே. அரிசி கொண்டுவந்தார். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் முழங்காலில் நின்றார். பலரைக் குடியிலிருந்து மீட்டார். அவருடைய அதிகாரம் அந்த நன்றியில்தான் வேர்விட்டது. பெண்ணை எங்கே கொடுப்பது, பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக அவருடைய ஆலோசனைக்குள் வந்தன. (என் முதுகலைப் படிப்புக்கும் அனுமதி வேண்டியிருந்தது. கிடைத்தது, ஒரு மாதம் கழித்து.)

ஓர் ஆண்டு, கட்டட நிதிக்கும் தசமபாகத்துக்கும் சபையில் கணக்கு வாசிக்கலாமே என்று அப்பா கேட்டார். தனியாக, மரியாதையோடுதான். அடுத்த ஞாயிறு பிரசங்கம் எண்ணாகமம் 16ஆம் அதிகாரம்: மோசேயை எதிர்த்த கோராகின் கூட்டத்தைப் பூமி வாய் திறந்து விழுங்கிய வரலாறு. போதகர் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆழச் சுரங்கத்தில் இறங்கி, பாறை வெடிப்பில் புதைந்த தோழர்களைத் தோண்டியெடுத்தவர்கள் நிறைந்த சபை அது. பூமி விழுங்குவதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அப்பா தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார். நான்கு மாதம் அவருக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது. ஐந்தாம் மாதம் சபையார் முன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார்.

அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக் கூடாது என்று அன்று அவருக்குச் சுட்டிக்காட்டப்பட்டது சங்கீதம் 105. ஆய்வுக்காக அதை முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தபோது திகைத்தேன். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் எனப்படுவோர் தேசம் தேசமாக அலைந்த, எண்ணிக்கையில் சொற்பமான பரதேசிகள். எச்சரிக்கப்படுகிறவர்கள் அரசர்கள்!

இவ்வியக்கத்தின் தொடக்கமும் எளியவர்களிடம்தான். 1905இல் புனேக்கு அருகே கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்து எழுப்புதலில் உரத்து ஜெபித்தவர்கள் இளம் விதவைகளும் பஞ்சத்தில் அநாதைகளான சிறுமியரும். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் அசூசா தெருக் கூட்டங்களை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன். ஆவியானவர் யார்மேலும் இறங்குவார் என்று தொடங்கிய இடத்தில், ஒருவர் வழியாகவே பேசுவார் என்ற நிலை வந்ததற்கு நான் காணும் ஒரு காரணம் மிகச் சாதாரணமானது. தனிச்சபைகள் பலவற்றில் போதகரே நிறுவனர். மேலே பேராயர் இல்லை, கீழே தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இல்லை. நிலமும் வங்கிக் கணக்கும் அவர் குடும்பம் நடத்தும் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். முறையிட விரும்புகிறவர் அவரிடமே அவரைப் பற்றி முறையிட வேண்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்தச் சங்கீதத்தை 12ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன். மெல்ல வாசித்தார். ராஜாக்கள் என்ற இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"இதை யாரும் இப்படிச் சொல்லலியேம்மா" என்றார். பிறகு, ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.