அட்டவணையில் விடுபட்ட எண்

293318625600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு! தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று பெரியோர் வினவக்கூடும். நம் காரைக்காலில் கடலொடு கலக்கும் அரசலாறு கும்பகோணத்தைத் தொட்டு வருவது. அக்கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் தேடிய எண்ணினத்தைச் சேர்ந்தது இது.

தன்னினும் சிறிய எவ்வெண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுத்திகளை உடையது 'உயர் பகு எண்' எனலாம். 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழ் எதற்கும் ஆறில்லை. 24-க்கு எட்டு. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று என வரும் பாகப்பிரிவினையில் சொத்தை 24 பங்காக வைத்துக் கணக்கிடும் நம் பெரியோர்க்கு இதன் பயன் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறுமுறை, 3 நான்குமுறை, 5-உம் 7-உம் இவ்விருமுறை, 11, 13, 17, 19 ஒவ்வொருமுறை வரும். குளத்துப் படிக்கட்டுப்போல முறைகள் இறங்கிவருகின்றனவே தவிர, ஓரிடத்தும் ஏறவில்லை. உயர் பகு எண் அனைத்துக்கும் இவ்வியல்பு உண்டென்று இராமானுசன் நிறுவினார். ஒவ்வொரு முறையோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை கிடைக்கும்: 5040. வியப்பு என்னவெனில், 5040-உம் ஓர் உயர் பகு எண்ணே. எளிதில் பங்கிடலாம் என்பதனால் தம் கற்பனை நகருக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்றார் பிளேட்டோ.

இராமானுசனின் கட்டுரை 1915-இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்ததும் இவ்வாய்வுக்கே. நூற்றுக்கு மேற்பட்ட எண்களைக் கையால் கணக்கிட்டு அட்டவணையாக்கி, 6746328388800 வரை சென்றார். அவ்விறுதி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது நம் எண்தான். ஆயினும் அட்டவணையில் அது இல்லை, விடுபட்டுவிட்டது.

கணிதத்துறை நண்பர் இதனைச் சொன்னபோது நாம் உடனே நம்பவில்லை. இருவரும் அமர்ந்து, தாளில் ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்த பின்பே தெளிந்தோம். உடனிருந்த முதியவர் ஒருவர், "மேதையின் குறையைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா தம்பி?" என்று வருந்தினார். அவர் வருத்தம் புரியாததன்று. நம் மண்ணின் பெயர் உலக அரங்கில் ஒலிப்பது அரிது. ஒலிக்கும் ஒன்றையும் நாமே குறைக்கலாமா என்பது அவர் கவலை.

நாம் உ.வே.சாமிநாதையரை நினைவூட்டினோம். அவர் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த கும்பகோணம் கல்லூரியில்தான் 1904-இல் இராமானுசன் சேர்ந்தார். ஏட்டில் சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்று குறித்தே ஐயர் பதிப்பித்தார். புலவரின் பெருமை அதனால் குன்றியதா? பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு அத்தாளை வாங்கி, 19-ஆல் பெருக்கிய வரியை மட்டும் மீண்டும் ஒருமுறை தாமே போட்டுப் பார்த்தார்.