பேர் சொல்லா மருந்து

ஓவியம் என்றவுடன் நம் கண்முன் எது வந்து நிற்கிறது? அரசவை, அந்தப்புரம், மயில்மேல் முருகன், தாமரைமேல் திருமகள்! தராசு தூக்கிய கையும், பொட்டலம் மடித்த விரலும் வந்து நிற்பதுண்டா? இல்லை. கோலேந்திய கைக்குக் கொலுமண்டபம். கோணி சுமந்த தோளுக்கு ஓர் ஓரம்கூட இல்லை! இந்த ஓரவஞ்சனையை ஒழிக்கப் புறப்பட்டவன் நான். புறப்பட்டவன் எப்படிப் பிடிபட்டேன் என்பதைத்தான், தோழர்களே, எழுதுகிறேன்.

கலைப்பட்டம் பெற்றுப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். கரித்துண்டால் படம் வரைவது பழக்கம். சென்ற கோடை விடுமுறையில், கல்லூரித் தோழனின் குடும்பத்தார் கும்பகோணத்தில் நடத்தும் நாட்டு மருந்துக் கடையிலே முப்பது நாள் தங்கி, அங்கு நடப்பதையெல்லாம் நாளுக்கொரு படமாக வரைவதென முடிவு செய்தேன்.

மேலை நாடுகளில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1966-இல் இலண்டனில் பார்பரா ஸ்டெவெனியும் ஜான் லேதமும் குழு அமைத்து, கலைஞர்களைத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பும் முயற்சியில் இறங்கினர். நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் 1977-இல் ஊதியமின்றி உறைவிடக் கலைஞராக அமர்ந்தவர் மியர்ல் லேடர்மன் யூக்கலிஸ் என்ற பெண்மணி. 1979-இல் தொடங்கி, ஏறத்தாழ 11 மாதம் நகரமெங்கும் சுற்றி, துப்புரவுத் தொழிலாளர் 8,500 பேரின் கையைப் பற்றிக் குலுக்கி, நகரை உயிரோடு வைத்திருப்பதற்காக நன்றி கூறினார். தொட்டால் தீட்டு என்று மனிதனைத் தூர நிறுத்திய நாட்டிலே பிறந்த நமக்கு, அந்தக் கைகுலுக்கல் வெறும் கலையா? அந்த நினைவோடுதான் கடைக்குள் நுழைந்தேன்.

சுவர் முழுதும் இழுப்பறைகள். சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, கடுக்காய் என ஒவ்வொன்றிலும் ஒரு மணம். வருகிறவர்களில் பலர் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை, நோயைத்தான் சொல்வர். "வறட்டு இருமல்ங்க, ராவெல்லாம் தூக்கமில்ல" என்பார் ஒருவர். கல்லாவில் இருக்கும் ஐயா, என் நண்பனின் தந்தை, தலையசைப்பார். சில வேளை எழுந்து, பின்புறத் திரையை விலக்கி உள்ளே சென்று திரும்பி, இன்னது இவ்வளவு என்று சொல்வார். மூத்த மகன் நிறுப்பார். என் நண்பன் பழைய செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றி, வெடுக்கென்று அறுப்பான். அந்த அழகை எழுத்தால் காட்ட முடியாது. படத்தால் காட்ட முயன்றேன்.

ஒரு மாலை, மூதாட்டி ஒருவர் வந்து, "அந்தப் பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க" என்றார். எது தெரியுமா? வசம்பு! பெயரை வாய்விட்டுச் சொன்னால் ஆகாதாம்! சிரித்தேன். மாணவர்க்குச் சொல்ல நல்ல மூடநம்பிக்கை கிடைத்ததென்று குறித்தும் வைத்துக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள், கூடத்தில் படங்களைப் பரப்பினேன். ஐயா மகிழ்ந்தார், பிள்ளைகள் மகிழ்ந்தனர். கல்லூரியில் படிக்கும் நண்பனின் தங்கை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. இதுல எங்கம்மா எங்கே?"

"அம்மாதான் கடைக்கே வர்றதில்லையேம்மா" என்றேன்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குப் பின்கட்டுக்கு வாங்க" என்றாள்.

சென்றேன். விளக்கடியில் அந்த அம்மையார் அமர்ந்திருந்தார். சுக்கைத் தோல் சீவினார்; கடுக்காயைத் தட்டிக் கொட்டை நீக்கினார்; திப்பிலியை இளவறுப்பாக வறுத்தார்; இடித்தார்; துணியிலே சலித்தார். பிள்ளை பெற்றவளுக்கு எது, எவ்வளவு என்பதெல்லாம் அவர் விரல்நுனியில்! ஐயா திரைக்குப் பின்னே சென்றது தண்ணீர் குடிக்க என்றல்லவா நினைத்திருந்தேன்? இல்லை, அவரைக் கேட்கச் சென்றார்! அந்தத் திரையை மூன்று படங்களில் தீட்டியிருக்கிறேன். மடிப்பு அழகு, நிழல் அழகு. திரைக்கு அப்பால் யார் என்று மட்டும் கேட்கவில்லை.

"எத்தனை வருஷமாம்மா இந்த வேலை?"

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்துதான் தம்பி. முப்பத்திரண்டு வருஷம். எங்க மாமியார் கத்துக்குடுத்தது."

"உங்களுக்கென்று ஒரு பங்கு, ஊதியம்..?"

சிரித்துவிட்டார். "வீட்டு வேலைக்கு யாராச்சும் சம்பளம் கேப்பாங்களா?"

வாசலுக்கு வந்து பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தேன். பாட்டனார் பெயர்; அதையடுத்து 'அண்டு சன்ஸ்'. மாமியார் இல்லை, மருமகள் இல்லை, மகளும் இல்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு மாநாடு முழங்கிற்று. 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் இந்தியா முழுமைக்கும், பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டம் வந்தது. ஏட்டிலே வந்தது இந்தப் பலகைக்கு வரவில்லை!

பலகையைப் பழிக்க எனக்கு ஏது தகுதி? யூக்கலிசைப் படித்தவன் அல்லவா நான்! அவர் தாயான பின், 1969-இல் எழுதிய அறிக்கையிலே, துடைப்பதும் சமைப்பதும் பேணுவதும் கலையே என்று முழங்கியவர். 1973-இல் ஹார்ட்ஃபர்டு நகர அருங்காட்சியகத்தின் படிக்கட்டைத் தம் கையாலேயே கழுவியவர். கைகுலுக்கலை நினைவில் வைத்தேன். கழுவிய கையை மறந்தேன். வசம்பின் பெயரைச் சொல்லாத மூதாட்டியை எள்ளி நகையாடினேன். மூன்று வேளையும் சோறு போட்ட அம்மையாரின் பெயரை ஒரு வேளையும் கேட்டதில்லை! யார் மூடர், தோழர்களே?

முப்பதாவது படத்தை அன்றே வரைந்தேன். கீழே எழுதப் பெயர் கேட்டேன். கணவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு சொன்னார். எழுதினேன்.

ஐயா அந்தப் படத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "இதை உள்ளே மாட்டிக்கலாம் தம்பி" என்றார்.

"கடையில மாட்டுங்கப்பா. கல்லாவுக்கு மேலே" என்றாள் மகள்.

ஐயா பதில் சொல்லவில்லை. மறுநாள் நான் ஊர் திரும்பிவிட்டேன்.

வந்தவுடன் என் வீட்டிலே ஒரு காரியம் செய்தேன். நாங்கள் மேடைக்குப் போகையிலெல்லாம் எங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்த என் அண்ணியின் பெயரை, எங்கள் மன்ற உறுப்பினர் பட்டியலில் தேடினேன். இல்லை. உங்கள் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள்!