கூதிர்

கொலோன், பான், கோப்லென்ஸ், பிறகு மோசல் ஆற்றோடு ட்ரியர். அக்டோபரில் பத்து நாள். 'இலையுதிர்காலத்தில் போகிறேன்' என்று நண்பர்களிடம் சொல்லும்போதே அது மொழிபெயர்ப்பு வார்த்தை என்று நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. தாம்பரத்தில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். வேம்பு உதிர்த்த கையோடு துளிர்த்தும் விடும். ஐப்பசி, கார்த்திகைக்கு நம்மிடம் உள்ள பெயர் கூதிர். அதில் இலை இல்லை, மழையும் வாடையும்தான். அந்த நேரத்தில் முடிச்சூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ உதிர்வு பார்க்கப் போவதா என்பதுதான் என் சங்கடம். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. அடையாறு உள்ளே வந்து அலமாரியின் கீழ்த்தட்டுகளைக் கொண்டுபோயிற்று. பழைய சிறுபத்திரிகைகள், மறுபடி கிடைக்காதவை.

பானுக்குத் தெற்கே ரைனில் சேரும் சிற்றாறு ஒன்றின் பெயர் ஆர். (நம் 'ஆறு' போலவே ஒலிக்கிறது. சொல்லாராய்ச்சி வேண்டாம்.) சரிவெங்கும் சிவப்பு ஒயின் திராட்சை. அக்டோபரில் கொடிகள் நிறம் மாறும் என்றுதான் குறித்துவைத்தேன். 2021 ஜூலை 14 இரவு அந்தப் பள்ளத்தாக்கில் 130 பேருக்குமேல் இறந்தார்கள். பெய்த மழை, பெரும்பாலான இடங்களில் நம் 49இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செங்குத்துச் சரிவு தண்ணீரை நிற்கவிடவில்லை. இங்கே தரை தட்டை. நிற்க ஏரிகள் இருந்தன, அவற்றின்மேல் மனைகள். 1804இலும் 1910இலும் ஆர் இப்படிப் பெருகியதுண்டு. இடையில் வந்த தலைமுறைகள் கரையோரம் வீடு கட்டிக்கொண்டன.

ட்ரியரில் மார்க்ஸ் பிறந்த வீட்டுக்கு ஒதுக்கியிருந்த நாளை ஆருக்கு மாற்றியிருக்கிறேன். பயணத்தையே செப்டம்பருக்கு இழுத்தால் மழைக்குமுன் திரும்பிவிடலாம். கொடிகள் அப்போது பச்சையாகவே இருக்கும்.