வெறுங்களம்

ஐப்பசிப் பிற்பகல் மழை ஓய்ந்தது. முன்னேஸ்வரத்துக் கோபுரத்தின் ஈரம் இன்னும் உலரவில்லை. சிலாபத்துக் கடற்காற்று தென்னந்தோப்புகளை ஊடறுத்து வந்து, கோயில் வீதிக்கு அப்பாலுள்ள மணல்வெளியில் இளைப்பாறுகிறது. அங்கே சிறுவர் எழுவர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். செதுக்கிய தென்னை மட்டையே அவர்களுக்கு மட்டை. தென்னையின் உறுப்புக்கும் ஆட்டத்தின் கருவிக்கும் ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆட்டத்தின் நடுவே ஒரு வழக்கு எழுந்தது. மட்டையைச் செதுக்கியவனுக்குரிய முறையை வேறொருவன் எடுத்துக்கொண்டான். செதுக்கியவன் மட்டையை மணலில் கிடத்திவிட்டு, வேலியோரத்துப் பூவரசின் கீழ் முகந்திருப்பி அமர்ந்தான். ஆட்டம் நின்றது.

நின்ற ஆட்டத்தைப் பார்த்திருந்தபோது, என் நெஞ்சில் ஒரு பழந்துயர் எழுந்து வந்தது. 2014ஆம் ஆண்டு, புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாள்களில், மேற்கிந்தியத் தீவுகளின் இந்தியச் சுற்றுப்பயணம் பாதியில் முறிந்தது. மாண்டவர் எவருமில்லை, ஈமத்தீ எங்கும் எரியவில்லை. ஆயினும் கை ஓய்ந்து, செயல் ஓய்ந்து அன்று நின்றவாறே இன்றும் நிற்கிறேன். பிறவாமலே இறந்த ஆட்டங்களுக்கு அழுவார் யார்?

கடல் கடந்து வந்தவர்களே, நீங்கள் இம்மண்ணுக்கு ஈந்தவற்றை எண்ணுகிறேன். 1949இன் தொடக்கத்தில் உங்கள் எவர்ட்டன் வீக்ஸ் கொல்கத்தாவில் ஒரே டெஸ்டின் இரு இன்னிங்ஸிலும் சதமடித்து, தொடர்ந்து ஐந்து சதங்கள் என்னும் சிகரத்தில் நின்றார். ஆறாவதற்குப் பத்தே ஓட்டங்கள் இருக்கையில் சென்னையில் ரன் அவுட் ஆனார். 1974இல் பெங்களூரு தன் முதல் டெஸ்டைக் கண்டபோது, விவ் ரிச்சர்ட்ஸும் கோர்டன் கிரீனிட்ஜும் அந்தப் புல்லிலேதான் தம் டெஸ்ட் வாழ்வைத் தொடங்கினர். 1983இல் அகமதாபாத் மொட்டேரா அரங்கின் முதல் டெஸ்டுக்கும் விருந்தினர் நீங்களே. கபில் தேவ் ஓர் இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட்டுகளைச் சாய்த்தும் வென்று மீண்டீர்கள். 1980 முதல் 1995 வரை, பதினைந்து ஆண்டுகள், எந்த டெஸ்ட் தொடரிலும் நீங்கள் தோற்றதில்லை. எங்கள் தீவாம் இலங்கை டெஸ்ட் உலகில் தளர்நடை பயின்ற நாள்களில், உங்கள் கார்பீல்ட் சோபர்ஸ் இங்கு வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார். ஆசான் வீட்டுத் துயரை மாணவன் எவ்வாறு மறப்பான்?

அறம் ஒரு பக்கம் மட்டுமே நின்றிருந்தால் இத்துணை வலித்திராது. அவ்வாண்டு செப்டெம்பரில் மேற்கிந்தியக் கிரிக்கெட் வாரியமும் வீரர் சங்கமும் ஒரு புதிய உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதுவரை நாட்டணி வீரருக்குச் சேர்ந்துவந்த விளம்பரப் பணப் பங்கு, உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுவோரின் சம்பளத்துக்குத் திருப்பப்பட்டது. ஆறு அணிகள், அணிக்கு 15 பேர். தொண்ணூறு வீட்டு உலைகள் கிரிக்கெட்டால் கொதிக்கவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் தம் வருவாய் முக்கால் பங்குவரை குறையும் என்றும், தம்மைக் கேளாமலே தம் பெயரால் சங்கம் ஒப்பமிட்டது என்றும் அணித்தலைவர் டுவைன் பிராவோவும் தோழர்களும் முறையிட்டனர். சங்கத்தின் தலைவர் வேவல் ஹைண்ட்ஸ். ஒருகாலத்தில் அதே சீருடை அணிந்து ஆடியவர். தமையன் இலையிலிருந்து எடுத்துத் தம்பி இலையில் இடுவதாயின், தமையன் முகம் பார்த்து ஒரு சொல் சொல்லவேண்டும். அந்தச் சொல் தம்மை எட்டவில்லை என்பதே அவர்கள் மனக்குறை. குடும்பம் உடைய அது போதும்.

கொச்சியில் ஒக்டோபர் 8ஆம் திகதி முதல் ஒருநாள் ஆட்டத்துக்குக் களமிறங்குவார்களோ என்னும் ஐயம் இருந்தது. இறங்கினார்கள், 124 ஓட்டங்களால் வென்றார்கள். டெல்லியில் தோற்றார்கள். விசாகப்பட்டினத்து ஆட்டத்தை ஹுட்ஹுட் புயல் கொண்டுபோயிற்று. பின் 17ஆம் திகதி, தர்மசாலா. நாணயச் சுழற்சிக்குத் தலைவன் தனித்து வருவது வழக்கம். அன்று பிராவோவின் பின்னே அணி முழுவதும் நடந்து வந்து நின்றது. கொடியில்லை, முழக்கமில்லை, நின்ற நிலையே அவர்கள் சொல். இந்தியா 330 ஓட்டங்கள் குவித்தது. விராட் கோலி 127. மறுபுறம் மார்லன் சாமுவேல்ஸ் 112 எடுத்தும் 59 ஓட்டங்களால் தோல்வி. தகராறு தீராமலே அத்தோடு சுற்றுப்பயணம் முடிந்தது. தர்மசாலாவின் தௌலாதார் மலையே, நீ எத்தனையோ அந்திகளைக் கண்டவள். விடைபெறும் சொல்லில்லாமல் ஓர் அணி படியேறிப் போன அந்த அந்தியை எந்தப் பனியால் மூடினாய்?

கொல்கத்தாவில் ஓர் ஒருநாள் ஆட்டம், கட்டாக்கில் ஓர் இருபது ஓவர் ஆட்டம், ஐதராபாத், பெங்களூரு, அகமதாபாத்தில் மூன்று டெஸ்டுகள்: இவையே மறைந்தவை. பெங்களூரே, ரிச்சர்ட்ஸ் உன்னிடம் வந்த நாற்பதாம் ஆண்டு அது. அவர் வழிவந்த இளைஞன் ஒருவன் உன் புல்லில் தன் முதற் சதத்தை எடுத்திருப்பானோ? மொட்டேராவே, உன் முதல் விருந்தினருக்காக வாயில் திறந்து வைத்திருந்தாய், வருவார் இல்லை. தோல்வியும் பேறுதான், அது நிகழ்ந்தது, அதை நினைக்கலாம். நிகழாததை எந்தக் கல்லில் பெயர் பொறித்து நடுவது?

இவ்வளவோடு நின்றிருந்தால் அழுது ஆறியிருப்பேன். எங்கள் பக்கத்தில் இழவு வீட்டில் அடுப்பு எரியாது. கடல் ஒருவனைக் கொண்ட நாளில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். துயருக்கு ஒரு வெற்றிடம் வேண்டும். அது வெறிதாய் இருந்தால்தான் இழந்தது இன்னதென்று தெரியும். ஆனால் அக்களங்களை வெறிதாய் இருக்க எவரும் விடவில்லை. பதினாறு நாள்கள்கூட முழுதாகக் கழியுமுன், நவம்பர் 2ஆம் திகதி, அதே கட்டாக்கில் ஆட்டம் தொடங்கிற்று. ஆடவந்தவர், ஐயோ, எம்மவர்.

ஐந்து ஒருநாள் ஆட்டங்களுக்கு இலங்கை அணி அழைக்கப்பட்டது. நவம்பர் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ்: நான்கு ஓட்டங்களில் ரோஹித் சர்மா தந்த பிடி எங்கள் கையிலிருந்து நழுவியது. பின் அவர் 173 பந்துகளில் 264 எடுத்தார். ஒருநாள் கிரிக்கெட் அதுவரை காணாத தனியொருவர் ஓட்டம். எங்கள் அணி முழுவதும் சேர்ந்து எடுத்தது 251. ஐந்திலும் தோற்று மீண்டோம். உலகம் அந்த 264ஐப் பாடிற்று. வரவேண்டியவர் வராத களம் அது என்பதை மறந்தது.

வேலை நிறுத்தியவன் இடத்தில் போய் நிற்பவனைத் தொழிலாளர் உலகம் கருங்காலி என்னும். கோடரிக்குக் காம்பாகித் தன் காட்டையே வெட்டும் மரத்தின் பெயர் அது. அந்தப் பெயரை எங்கள் பிள்ளைகள் மேல் எறிய என் நா எழவில்லை. தம் வாரியத்தோடு ஒப்பந்த வழக்காடித் துன்புற்றவர்கள் அவர்களும். வாரியங்கள் பேசின, பிள்ளைகள் போனார்கள். ஆயினும் நெஞ்சே, ஆசான் வீட்டு இழவின்போது அவன் திண்ணையில் நம்மவர் கூத்தாடினர் என்பதை நீ எங்கே ஒளிப்பாய்?

வெற்றிடத்தை நிரப்புவது எப்போதும் பிழையன்று. 1996 ஜனவரி 31இல் கொழும்பில் மத்திய வங்கியைக் குண்டு பிளந்தபின், அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக்கிண்ண ஆட்டத்துக்கு இங்கு வர மறுத்தன. பெப்ரவரி 13இல் இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்கு வந்து எங்களோடு ஆடினர். அடுப்பெரியாத வீட்டுக்கு அயலார் கொண்டுவந்த சோறு அது. கட்டாக்கில் நாம் கொண்டுபோனது எவர் பசிக்கு?

வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டதற்கும் ஒரு சான்று உண்டு: ஈழத்தமிழர் பலர் குடியேறிய மொன்றியலை நினைக்கிறேன். 1994 ஓகஸ்ட் 12இல் அமெரிக்க பேஸ்போல் வீரர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அந்நகரின் எக்ஸ்போஸ் அணி 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லா அணிகளுக்கும் முன்னே நின்றது. 1904க்குப்பின் முதன்முறையாக, அவ்விளையாட்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் நடைபெறவில்லை. அடுத்த வசந்தத்தில் உரிமையாளர்கள் மாற்று வீரரைப் பயிற்சி ஆட்டங்களுக்கு இறக்கினர்; பால்ட்டிமோர் உரிமையாளர் பீட்டர் ஏஞ்சலோஸ் ஒருவர் மட்டும் அவ்வாறு அணி சேர்க்க மாட்டேன் என்றார். நீதிமன்றத் தடையாணை வந்தது; வேலைநிறுத்தம் முடிந்தது; மாற்று வீரர் ஒரு முறையான ஆட்டமும் ஆடவில்லை. எக்ஸ்போஸ் மீளவில்லை, 2004இல் மொன்றியலை விட்டே போயிற்று. ஆனால் 1994இன் அந்த இடம் இன்றும் வெறிதாகவே இருக்கிறது. தாம் இழந்தது எதுவென்று அந்நகரத்தார் விரல் நீட்டிக் காட்டலாம். எங்களுக்கு விரல் நீட்ட இடமில்லை. அங்கே 264 என்று எழுதியிருக்கிறது.

மேற்கிந்தியத் தீவுகளின் மைந்தர்களே, பின்னர் வந்ததையும் சொல்கிறேன். 2015 உலகக்கிண்ண அணியில் பிராவோவுக்கும் அவர் தோழர் பொலார்டுக்கும் இடமில்லை. 23 வயது ஜேசன் ஹோல்டரின் தோளில் தலைமை ஏறிற்று. 2016 ஏப்ரல் 3இல், அதே ஈடன் கார்டன்ஸில், கார்லோஸ் பிராத்வைட் தொடர்ந்து நான்கு சிக்ஸர்கள் அடித்து இருபது ஓவர் உலகக்கிண்ணத்தை வென்று தந்தார். பிராவோவும் சாமுவேல்ஸும் அந்த அணியில் இருந்தனர். வென்ற மேடையிலே அந்த அணியின் தலைவர் டரன் சாமி, தம் வாரியம் தம்மை மதிக்கவில்லை என்று குரல் உடைந்து சொன்னார். கிண்ணம் கையில் இருந்தும் ஆறாத புண் அது. 2018இல் டெஸ்ட் ஆட நீங்கள் மீண்டும் இந்தியா வந்தீர்கள். ராஜ்கோட்டிலும் ஐதராபாத்திலும் மூன்று நாளுக்குள் ஆட்டம் முடிந்தது. விளக்கு இருந்தது, நெய் எங்கோ வற்றியிருந்தது.

முன்னேஸ்வரத்து முன்னைநாதன் கோபுரத்தை நோக்குகிறேன். போர்த்துக்கேயர் இக்கோயிலை இடித்தனர். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753இல் திருப்பணி முடித்துக் குடமுழுக்குச் செய்வித்தான். இடையே நெடுங்காலம் பாழ். அந்தப் பாழையும் இறைவன் இடம் என்றே இவ்வூரார் அறிந்திருந்தனர். அதனாலன்றோ மீண்டும் கல் வந்து சேர இடம் இருந்தது. வெறுமையைக் காத்தவர்க்கே மீட்சி உண்டு. இதை அறிந்த மண்ணிலிருந்தா நாம் போனோம்?

பூவரசின் கீழ் அமர்ந்தவன் இன்னும் எழவில்லை. மற்ற அறுவரும் மணலில் குந்தியிருக்கிறார்கள். தோப்பு நிறைய மட்டை கிடக்கிறது. ஒன்றை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வது எளிது. எவனும் எடுக்கவில்லை. இருள் வருகிறது, கோயில் மணி அடிக்கிறது. அவன் கிடத்திய மட்டை கிடந்தபடியே கிடக்கிறது. அதைச் சுற்றி அவர்கள் காத்திருக்கிறார்கள்.