வாப்பாவிடம் நாங்கள் கேட்காத கேள்வி



வாப்பா மௌத்தாகி நாற்பது நாளாகிறது. வீட்டு விசயத்தை இங்கே எழுதுவதா என்று பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் யோசித்தோம். ஊரில் இன்னொரு வீட்டுக்காவது பிரயோசனப்படட்டும் என்றுதான் எழுதுகிறோம்.

புரஸ்டேட் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவிவிட்டது என்று டொக்டர் சொன்னார். வாப்பாவிடம் மறைத்தோம். "வாயுப்பிடிப்பு" என்றோம். இரவெல்லாம் அனுங்குவார். பக்கத்தில் இருந்து ஓதினோம், தைலம் தேய்த்தோம், பனடோல் கொடுத்தோம். கிளினிக்கில் மோர்பின் குளிசை தந்திருந்தார்கள். "அதுக்கு அடிமையாகிடுவார்", "அது கடைசி மருந்து" என்று ஆட்கள் சொன்னதைக் கேட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அடுத்த கிளினிக் வரை 14 இரவுகள்.

அன்று ஒரு லேடி டொக்டர் எங்களிடம் கேட்காமல் வாப்பாவிடமே கேட்டார்: "வாப்பா, இப்ப உங்களுக்கு ஆகக் கஷ்டமா இரிக்கிறது என்ன?"

வாப்பா சொன்னார்: "நோவத் தாங்கலாம் மகள். பொம்புளப் புள்ளைகள் என்னைத் தூக்கி ஒண்டுக்கு வைக்கிறாங்க, அதுதான் வெட்கமா இரிக்கி. மத்தது, ஒரு ஆளுக்கு இருபதாயிரம் குடுக்க இரிக்கி. மௌத்தப் பத்திக் கதைச்சா இவங்க அழுவாங்க எண்டு சொல்லல்ல."

நாங்கள் அவரிடம் மறைத்தோம். அவர் எங்களிடம் மறைத்திருக்கிறார்.

பலியேட்டிவ் கெயார் என்றால் கைவிட்டு வீட்டுக்கு அனுப்புவது என்றே நினைத்திருந்தோம். அப்படியில்லை என்று அந்த டொக்டர் விளங்கப்படுத்தினார். நோய்க்கு வைத்தியம் நடக்கும்போதே வலி, மூச்சுமுட்டு, மனக்கவலை எல்லாவற்றையும் தேடிப் பார்த்துத் தணிப்பதுதான் அது. புற்றுநோய்க்கு மட்டுமல்ல, இருதயம், சுவாசப்பை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது தேவை. உலகில் தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கே கிடைப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிச்சப் பேரில் எங்கள் வாப்பாவும் ஒருவராக இருந்திருக்கிறார், மருந்து வீட்டிலேயே இருந்தும்.

மோர்பினைக் கொடுக்க வலி தாங்காமல் போகும் வரை காத்திருக்கக்கூடாதாம். டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து தருவார்கள். வலிக்காக வைத்தியர் கண்காணிப்பில் எடுப்பவர் அடிமையாவது அரிது. கொடுக்கத் தொடங்கி இரண்டாம் நாள் இரவு வாப்பா தூங்கினார். கட்டிலோரம் கொமோட் கதிரை ஒன்று வாங்கி வைத்தோம். அந்த வேலையைத் தம்பி பொறுப்பெடுத்தான். கடனை அந்த ஆளைக் கூப்பிட்டு வாப்பாவின் கையாலேயே கொடுக்க வைத்தோம். அன்று வாப்பாவின் முகத்தில் கண்ட நிம்மதியை எந்தக் குளிசையும் தந்திருக்காது.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தார். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகளோடு கதைக்கும் அளவுக்குக் குறைந்தது.

உங்கள் வீட்டில் ஒருவர் அடிக்கடி வார்ட்டில் அனுமதிக்கப்படுகிறாரா? மெலிந்துகொண்டே போகிறாரா? பகலிலும் படுக்கையிலேயே கிடக்கிறாரா? கடைசி நாள் வரும் வரை பார்த்திருக்காதீர்கள். டொக்டரிடம் பலியேட்டிவ் கெயார் பற்றி நீங்களாகவே கேளுங்கள். அதற்கு முதல் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆகக் கஷ்டம் என்னவென்று அவரிடமே கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அந்த 14 இரவுகளுக்காக வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க தெரியாமச் செஞ்சது" என்றார். இனி எங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.