கடைசி வாங்கில் ஒருவர்

பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பெருமூச்சு எழும். பாடத்திட்டம் மாறினால் பயிற்சி, ஆசிரியர் வழிகாட்டி மாறினால் பயிற்சி, ஒன்றும் மாறாவிட்டாலும் ஒரு செயலமர்வு. மதியச் சோற்றுப் பார்சலுக்காகத்தான் போகிறோம் என்று பகிடி பண்ணுவோரும் உண்டு. ஆயினும் தரம் ஐந்து பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் என்னை இந்த நாடு இரண்டு வருடம் கலாசாலையில் இருத்திப் படிப்பித்தது. அதன் பிறகும் சும்மா விடவில்லை.

கலாசாலையில் படித்த உளவியலில் பாதி மறந்து போயிற்று. மறக்காதிருப்பது கற்பித்தல் பயிற்சி. நாங்கள் பாடம் நடத்துவோம். விரிவுரையாளர் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து எழுதிக்கொண்டிருப்பார். எங்கள் தொகுதியில் மிகத் திறமையான ஒருவரிடம் பாடம் முடிந்ததும் அவர் சொன்னார்: "நல்ல பாடம் தம்பி. ஆனால் முன்வரிசையில் இருந்தவங்களிடம்தான் எட்டுக் கேள்வியும் கேட்டீங்க. யன்னலோரப் பிள்ளை இரண்டு தரம் கை உயர்த்தினது தெரியுமா?" பாடக்குறிப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை. யாரைப் பார்க்கத் தவறினோம் என்பதைச் சொல்ல மட்டும் இன்னொரு கண் தேவைப்பட்டது.

நீதி வழங்குவோருக்கும் இது பொருந்தும் என்பதை நாடு ஏற்றுக்கொண்டு நெடுநாளாகிறது. 1985ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை நீதிபதிகள் நிறுவகம் அமைக்கப்பட்டது. சட்டம் படித்து, சட்டத்தரணியாகத் தொழில் செய்து, பரீட்சையில் தேறி வந்தவர்களும் மேலும் கற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. காரணம் எளிது. ஆசனத்தில் அமர்ந்த பிறகும் சட்டம் வளர்கிறது. வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005இல் வந்தது. இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்களுக்கான சட்டம் 2006இல் வந்தது. அதற்கு முன்னர் சட்டக் கல்லூரியை விட்டு வெளியேறிய நீதிபதி இவற்றை எங்கே போய்க் கற்பார்?

இனி நம் வீட்டு விடயத்துக்கு வருகிறேன். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காழியாக வருபவரிடம் கேட்பது நல்லொழுக்கம், சமூகத்தில் ஒரு நிலை, பொருத்தமான தகைமை. ஆணாகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும். சட்டம் படித்திருக்க வேண்டுமென்றோ பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்றோ அதில் ஒரு வரி இல்லை. நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. கிடைப்பது ஒரு சிறு கொடுப்பனவு.

ஆனால் அந்த மேசைக்கு வரும் பாரம் சிறியதல்ல. தலாக்குக்கு ஒரு நடைமுறை, பஸ்ஹுக்கு இன்னொன்று. பஸ்ஹ் வழக்கில் 'ஜூரிமார்' என்று நம்மவர் அழைக்கும் மூன்று மதிப்பீட்டாளர்களை உடன் இருத்த வேண்டும். மஹர், கைக்கூலி, இத்தாக் காலச் செலவு, பிள்ளைத் தாபரிப்பு எல்லாம் அங்கேதான் தீர்கின்றன. கட்டளையிட்ட பணத்தைக் கட்டாதவனிடம் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிட வேண்டும். இவ்வளவும் இருக்க, சட்டத்தரணிகள் அங்கு தோன்ற முடியாது. ஏழைக்குச் செலவு குறையட்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருக்கலாம். வாய் பேசத் தெரியாத ஒருத்திக்காகக் கேள்வி கேட்க வேண்டிய பொறுப்பு முழுவதும் அதனால் காழியின் தலையிலேயே விழுகிறது.

கிராமத்து வாத்தியாருக்குப் படிப்பிப்பது பாதி வேலை, கடிதம் எழுதிக் கொடுப்பது மீதி வேலை. என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா, தாபரிப்புக்கு முறைப்பாடு எழுதித் தரும்படி ஒருநாள் வந்தார். எழுதிக் கொடுத்தேன். நாலு தவணை போய் வந்த பிறகு மறுபடியும் வந்தார். ஒரு தொகை தீர்மானமாகியிருந்தது. அது பிள்ளையின் பஸ் காசுக்கும் கொப்பிக்கும் கூடப் போதாது.

"என்ன கேட்டாங்க தங்கச்சி?"

"ஒண்டும் கேக்கல்ல சேர். அவரும் அவர்ர மாமாவும் கனக்கக் கதச்சாங்க. என்னப் பாத்து சபூர் செய்யுங்க எண்டாங்க."

"கட்டளைப் பிரதி?"

"துண்டு ஒண்டும் தரல்ல."

கணவன் என்ன தொழில் செய்கிறான், மாதம் என்ன வருமானம், பிள்ளைக்கு என்ன செலவு என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படவே இல்லை. எந்த ஊர், எந்தக் காழி என்பது இங்கு வேண்டாம். அவர் நல்ல மனிதர். தர்மம் கொடுக்கும் கை. ஐந்து வேளையும் முதல் ஸப்பில் நிற்பவர். என்னை உறுத்துவது அதுதான். கெட்டவர் என்றால் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நல்லவரும் யன்னலோரப் பிள்ளையைப் பார்க்காமல் விடுகிறார் என்றால் என்ன செய்வது? காழிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்தான். அதற்கும் பஸ் காசு வேண்டும், கையில் ஒரு துண்டு வேண்டும்.

ஓய்வுபெற்ற அதிபரான இன்னொரு காழியையும் அறிவேன். சட்டப் புத்தகத்தைக் கொப்பியில் கோடிட்டுப் படித்தவர். விளங்காத இடத்துக்குப் பழைய மாணவரான சட்டத்தரணியிடம் போய் உட்கார்ந்து கேட்டவர். தாபரிப்பு வழக்கென்றால் பால்மா பக்கெட்டின் விலையிலிருந்து தொடங்குவார். முடிவுக்கு இரண்டு வரியிலாவது காரணம் எழுதுவார். அவராகத் தேடிக் கற்றது அவருடைய குணம். ஒருவருடைய குணத்தை நம்பி ஏறத்தாழ 65 காழி நீதிமன்றங்களை நடத்த முடியுமா?

பயிற்சி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சொல்வோருக்கு ஒரு சொல். காழி நடந்துகொள்ள வேண்டிய ஒழுங்குகளைப் பேசும் 'அதபுல் காழி' என்ற நூல் வகை நமது மரபிலேயே உண்டு. 1058இல் காலமான இமாம் மாவர்தி, நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். தாமே காழியாகப் பணியாற்றியவர். அந்தத் தலைப்பில் விரிவாக எழுதியவர். இரு தரப்பாரையும் எப்படி அமர்த்துவது, பார்வையைக்கூட எப்படிச் சமமாகப் பங்கிடுவது, கோபத்திலும் பசியிலும் தீர்ப்புச் சொல்லாதிருப்பது, அறிந்தோரிடம் ஆலோசனை பெறுவது என்று அந்நூல்கள் பேசும் யாவும் பயிற்சிப் பாடங்களே. மலேசியாவில் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஷரீஆ நீதித்துறை நிருவாகத்துக்கென்றே ஒரு டிப்ளோமா நடத்தி வந்திருக்கிறது.

நாமோ வேறு விவாதத்தில் காலத்தைக் கழித்தோம். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த குழு 2018இல்தான் அறிக்கை கையளித்தது. அதுவும் இரு பிரிவாக. 2021இல் காழி நீதிமன்ற முறையையே நீக்குவதென்று அமைச்சரவை தீர்மானித்த செய்தி வந்தது. இருக்க வேண்டுமா, நீங்க வேண்டுமா, பெண் காழி ஆகலாமா என்று பள்ளிவாசலிலும் பத்திரிகையிலும் பேசினோம். இவை பெரிய கேள்விகள், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆசனத்தில் யார் அமர்ந்தாலும் அவருக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் என்ன பிணக்கு?

பொறுப்பேற்கும் முன் சில வாரங்கள், பின் ஆண்டுதோறும் சில நாட்கள் போதும். வாக்குமூலம் எழுதுவது, வருமானம் விசாரிப்பது, காரணத்தோடு கட்டளை எழுதிப் பிரதி கொடுப்பது, பயந்து நிற்பவரைப் பேச வைப்பது. அனுபவமுள்ள ஒருவர் எப்போதாவது வந்து பின்னால் அமர்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். தீர்ப்பில் தலையிடுவதாகாதா என்று கேட்கலாம். கடைசி வாங்கில் இருந்த எங்கள் விரிவுரையாளர் ஒருநாளும் எழுந்து வந்து வெண்கட்டியைப் பறித்ததில்லை. பாடம் எங்களுடையதாகவே இருந்தது.

காழி நியமனத்துக்கு விண்ணப்பிப்போர் நம்மிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டு வருவதுண்டு. தொழுகையாளி, கொடையாளி, நல்ல குடும்பம் என்று எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த முறை பேனையை எடுக்கும் முன் அவரிடம் ஒன்று கேட்போம்: "ஹாஜியார், இந்த வேலைக்கு நீங்கள் படிக்கத் தயாரா?"