ரொட்டித் துண்டும் ஒரு வெள்ளைப் புள்ளியும்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் விடுதியில் பதினொரு பேருக்கு ஒரே இரவில் வயிற்றுப்போக்கு. மறுநாளே மாடித் தொட்டித் தண்ணீரைப் புட்டியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தண்ணீரில் கிருமி இருக்கிறது என்ற பதில் வர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஏன் சிஸ்டர் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டோம்.

"ஒற்றைக் கிருமி கண்ணுக்குத் தெரியுமா? கூட்டமாக வளர்த்துத்தானே பார்க்க வேண்டும்!" என்றார் அறிவியல் சிஸ்டர்.

எதில் வளர்ப்பார்கள் தெரியுமா? திருநாளன்று நாம் சப்புக்கொட்டிச் சாப்பிடும் கடற்பாசியில்தான்! 1881இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மையார், தம் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகாரை ஆய்வுக்கூடத்துக்கும் சொன்னார். அதுவரை பயன்பட்ட ஜெலட்டின் வெயில் நாளில் உருகிவிடுமாம். ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகாரைக் குறிப்பிட்டார். அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை. (எங்களுக்குக் கோபம்தான்.)

ஈ. கோலை என்ற கிருமி, வசதியான சூட்டில், சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். அப்படியும் தட்டில் புள்ளியாக நம் கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். 2020இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், தட்டை மீண்டும் மீண்டும் படமெடுத்து, படங்களைக் கணிப்பொறியால் ஒப்பிட்டு, தண்ணீர்க் கிருமிகளை வழக்கத்தைவிட 12 மணி நேரத்துக்கும் முன்னதாகவே கண்டுகொண்டார்கள்.

நாமும் செய்து பார்த்தால் என்ன? நோய்க்கிருமி கூடவே கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ரொட்டித் துண்டு. ஈரம் தெளித்து, பிளாஸ்டிக் பையிலிட்டு ஒட்டி, அதன் மேலே ஒரு பழைய கைப்பேசியைப் பொருத்தினோம். மணிக்கு ஒரு படம். புதிய படத்திலிருந்து முதல் படத்தைக் கணிப்பொறியில் கழித்தால், மாறாத இடம் கறுப்பாகும். மாறிய இடம் வெள்ளையாகும்.

முதல் நாள் படம் முழுவதும் வெள்ளை! ஜன்னல் வெளிச்சம் மாறியதால் வந்த வினை. எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, உள்ளே சிறு விளக்கு ஒன்றைப் போட்டோம். மறுநாள் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். "கண்டுபிடித்துவிட்டோம்!" என்று கத்தினோம். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அவை நீர்த்துளிகள், அம்மா" என்றார். பையின் உட்புறம் வியர்த்திருந்தது.

துளி வரும், போகும், இடம் மாறும். பூஞ்சையோ வந்த இடத்திலேயே இருந்து மணிக்கு மணி பெரிதாகும். எனவே அடுத்தடுத்த படங்களில் வளர்ந்த புள்ளியை மட்டும் கணக்கில் எடுத்தோம். ரொட்டியின் ஓரத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நான்காம் நாள் அதிகாலை 3 மணிப் படத்தில் அது இருக்கிறது. எங்கள் கண்ணில் பட்டதோ அன்று மாலை, ஜெபமாலை முடிந்து வந்தபோது!

கண்காட்சியன்று அந்த ஆறாம் வகுப்புத் தங்கையும் வந்தாள். "அக்கா, நம்ம தொட்டித் தண்ணியை இதுக்குள்ள வச்சுப் பார்க்கலாமா?" என்றாள். தண்ணீர்க் கிருமிக்கு இந்தப் பெட்டி போதாது, ரொட்டிப் பூஞ்சையோடு சரி என்று விளக்கினோம். அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். சமையலறையில், அந்த மழைக்காலம் முதல் தினமும் நடப்பதுபோல், பெரிய அண்டாவில் குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.